உடைய வேண்டிய இடத்தில் உடையட்டும்

தளி தாண்டி எங்கள் நிலத்துக்குப் போகிற மண் ரோட்டில் ஒரு மேடு இருக்கிறது. போன கார்த்திகையில் என் பழைய ராணுவ லாரி பத்து மூட்டை ராகியோடு அதில் ஏறும்போது பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, கோயில் வாசலில் தேங்காய் உடைக்கிற அளவுதான். இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, கிளட்சை விட்டால் கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. சித்தப்பா பையன் கீழே இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, ரெண்டு சக்கரமும் சும்மா நிக்குது, உள்ள ஏதோ போயிடுச்சு" என்றான். போனது வலது பக்கப் பின் ஆக்சில் ஷாஃப்ட், சக்கரத்தைச் சுற்ற வைக்கிற தண்டு. ஆறு மாதத்துக்கு முன்னால் நான் "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று புதிதாகச் செய்து போட்ட அதே ஷாஃப்ட்.

அன்று ராத்திரி நாங்கள் வீடு வந்து சேர்ந்தது அந்த வண்டியை வடிவமைத்தவர்கள் புண்ணியத்தில். முன் ஆக்சில் கியரைப் போட்டு, முன் சக்கரங்களின் இழுப்பிலேயே மெதுவாக இறங்கி வந்தோம். சாதாரணக் காரில் பின் ஷாஃப்ட் உடைந்தால் சக்கரமே கழன்று வரலாம், ஏனென்றால் பல கார்களில் ஷாஃப்டேதான் சக்கரத்தையும் தாங்குகிறது. ராணுவ லாரியில் அப்படி இல்லை. சக்கரத்தின் ஹப், அதாவது நடுக்குடம், இரண்டு பேரிங் மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது, அந்த பேரிங்குகள் ஆக்சில் குழாயின் நுனியில் உட்கார்ந்திருக்கின்றன, ஷாஃப்டுக்கு எடை தாங்குகிற வேலையே கிடையாது, முறுக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் அதன் வேலை. இதை ஃபுல் ஃப்ளோட்டிங் என்பார்கள். ஜாக்கி போடாமல், சக்கரத்தைக் கழற்றாமல், ஹப்பின் முகப்பில் இருக்கிற போல்ட்டுகளை மட்டும் எடுத்தால் ஷாஃப்டை உருவிவிடலாம். குண்டு விழுகிற இடத்தில் நின்றுபோன வண்டியை ஓட்டிக்கொண்டு வரவேண்டும் என்று யோசித்த ஒருவர் செய்த ஏற்பாடு அது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிசான் ஒன் டன் கேரியர். நிசானின் உரிமத்தில் ஜபல்பூரில் ராணுவத்துக்காகவே செய்தது. இதே குடும்பத்தில்தான் ஜோங்காவும் வருகிறது, அந்தப் பெயரே ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்ப்ளி என்பதன் சுருக்கம். ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் 1959-இல் ஆரம்பித்த சக்திமான் லாரி இவர்களுக்கெல்லாம் மூத்தது. என் அப்பா எம்.இ.ஜி.யில் டிரைவராக இருந்தவர். பெங்களூர் அல்சூரில் இருக்கிற மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பைத்தான் சொல்கிறேன், ராணுவத்தில் அவர்களுக்குத் ‘தம்பி’ என்றே பெயர். சக்திமானும் நிசானும் அவர் கையில் ஓடியவை. அதனால் ராணுவம் கழித்துவிட்ட ஒரு நிசான் டிஸ்போசல் வண்டி விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மேல்நோக்கிய அம்புக்குறியோடு ஆரம்பிக்கிற ராணுவ நம்பர் போய், கர்நாடகா நம்பர் வந்து, ஆலிவ் பச்சையும் போய்விட்டிருந்தது. அந்த நிறத்தைத் தனியார் வண்டிக்கு அடிக்கச் சட்டத்தில் இடமில்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் நான்கு லிட்டர் அளவுக்கு இருந்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் போட்டு, அதை ஆர்.சி.யிலும் ஏற்றியிருந்தார்.

அப்பா வண்டியைச் சுற்றி வந்து பெயின்ட்டைப் பார்க்கவில்லை, இன்ஜின் சத்தத்தையும் கேட்கவில்லை. "ஆக்சில் ஆயிலை முதல்ல இறக்குடா" என்றார்.

இறக்கினோம். டிஸ்போசல் வண்டி வாங்குகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு வெள்ளைத் தட்டில் ஆயிலை இறக்கிப் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வெயிலில் காட்டும்போது வெள்ளித்தூள் மாதிரி மின்னினால் பேரிங்கோ பல்லோ தேய்ந்துகொண்டிருக்கிறது. விரலில் உருட்டினால் நறநறவென்று தட்டுப்பட்டால் ஏதோ பெயர்ந்திருக்கிறது. பல வருஷம் டிப்போவில் நின்ற வண்டியில் இன்னொரு சங்கதி உண்டு. பேரிங்கின் கீழ்ப்பாதி ஆயிலில் முங்கி இருக்கும், மேல்பாதி காய்ந்து கிடக்கும். காய்ந்த பாதியில் ஒவ்வொரு உருளை உட்கார்ந்த இடத்திலும் துருக்கோடு விழுந்திருக்கும். கையால் சுற்றினால் தெரியாது, ரோட்டில் 40 தாண்டினால் முனக ஆரம்பிக்கும்.

எங்கள் வண்டியில் பின் ஆக்சிலில் தண்ணீர் இருந்தது. காரணம், ஆக்சில் ஹவுசிங் மேல் காற்று போய்வர இருக்கிற சுண்டுவிரல் அளவு பிரீதர் சேறு காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. வண்டி ஓடினால் ஆக்சில் சூடாகும், உள்ளே காற்று விரியும், வெளியே போக வழியில்லை என்றால் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் டிரம்முக்குள் ஆயில் இறங்கும். அதே சூட்டோடு ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கி, சீல் ஓரத்தில் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிரீதரைக் கழற்றி அங்கே ஒரு நிப்பிள் போட்டு, ரப்பர் ஹோஸ் மாட்டி, சேசிஸ் வழியாகக் கேபின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டோம். இந்த வண்டிக்கு நான் செய்ததிலேயே மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தந்தது இந்த ஹோஸ்தான் என்று அடித்துச் சொல்வேன்.

இனி ஷாஃப்ட் கதை.

வாங்கிய புதிதில் வலது ஷாஃப்டை உருவிப் பார்த்தபோது, நுனியில் நீளவாக்கில் வெட்டியிருக்கிற ஸ்ப்ளைன் பற்கள் நேராக இல்லாமல் லேசாகச் சாய்ந்து முறுக்கிக்கொண்டிருந்தன. துணியைப் பிழிகிறபோது அதன் கோடுகள் சாய்கிற மாதிரி. இரும்பு தன் எல்லையைத் தாண்டி முறுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பழைய பெட்ரோல் இன்ஜினுக்காகச் செய்த ஷாஃப்டின் மேல் டீசலின் இழுப்பு விழுந்திருக்கிறது. டீசலில் ஒவ்வொரு வெடிப்பும் சுத்தியல் அடி மாதிரி, அதுவும் குறைந்த சுற்றிலேயே முழு பலத்தோடு வருகிறது. சரி, மாற்றிவிடலாம் என்று பெங்களூர் சிவாஜிநகர் சந்துகளில் இரண்டு நாள் அலைந்தேன். அந்தப் பழைய பார்ட்ஸ் கடை பாய்களுக்கு வண்டியின் பெயர்கூடச் சொல்ல வேண்டாம், பாகத்தைக் கையில் கொடுத்தால் போதும், எந்த வண்டியுடையது, எந்தக் கடையில் இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். எனக்குக் கிடைத்த ஒன்றும் இதேபோல முறுக்கியிருந்தது. அதனால் ஒரு லேத் பட்டறைக்குப் போய்ப் புதிதாகவே செய்யச் சொன்னேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. லேத்காரர் பழைய ஷாஃப்டைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "நடுவுல ஏன் இப்படிச் சன்னமா இருக்கு, மெட்டீரியல் மிச்சம் பண்ணியிருக்கான். கெட்டியா விட்டுடலாமா சார்?" என்று கேட்டார். ஸ்ப்ளைன் இருக்கிற நுனி தடிமனாகவும், உடம்பு அதைவிட ஒல்லியாகவும் இருந்தது உண்மைதான். எனக்கும் அவர் சொன்னது சரியாகப் பட்டது. தலையாட்டினேன். ஈஎன் 24 கம்பி, நல்ல எஃகு, அதில் குறையே இல்லை. உடம்பு முழுக்கத் தடிமனாக, பார்க்கவே பலமாக ஒரு ஷாஃப்ட் வந்தது. ஆறு மாதம் ஓடியது.

உடைந்த இரண்டு துண்டையும் கோணிப்பையில் சுற்றி லிங்கராஜபுரம் பக்கம் ஷெட் வைத்திருக்கிற மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். எழுபதைத் தொடுகிற வயது, கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர், சின்ன வயதிலிருந்து கனரக வண்டிகள்தான். உடைந்த முகத்தை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது அன்னிக்கு உடைஞ்சது இல்ல தம்பி. ரெண்டு மூணு மாசமாவே உடைஞ்சுக்கிட்டு இருந்திருக்கு" என்றார்.

அவர் காட்டியதைப் பார்த்த பிறகு எனக்கு இரும்பையே வேறு மாதிரிப் பார்க்கத் தோன்றியது. உடைந்த முகத்தில் ஒரு ஓரத்திலிருந்து பாதிக்கு மேல் வழவழப்பாக, சிப்பி ஓட்டின் வரிகள் மாதிரி கோடு கோடாக இருந்தது. மீதி மட்டும் சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி சொரசொரப்பு. வழவழப்பான பகுதி ஒவ்வொரு மேட்டிலும் ஒவ்வொரு கிளட்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் நடந்துபோன பாதை. சொரசொரப்பு, கடைசி நாளில் மிச்சமிருந்த இரும்பு ஒரே அடியில் போன இடம். விரிசல் ஆரம்பித்த புள்ளி சரியாக ஸ்ப்ளைன் முடிந்து உடம்பு ஆரம்பிக்கிற படியில். அந்தப் படியை லேத்தில் கத்தி மாதிரி நேர் மூலையாக வெட்டியிருந்தார்கள். பழைய ஷாஃப்டில் அதே இடம் உள்ளங்கைக் குழிவு மாதிரி வளைந்து இறங்கியிருந்தது. கூர்மூலையில்தான் அழுத்தம் வந்து குவியும், விரிசல் பிறப்பதும் அங்கேதான்.

"அதுகூடப் பரவாயில்ல. நடுவ ஏன் தடிமனாக்கினே?" என்று கேட்டார். நான் லேத்காரர் சொன்னதைச் சொன்னேன். அவர் ஒரு பழைய ஹாக்ஸா பிளேடை எடுத்து முறுக்கிக் காட்டினார். பிளேடு நீளம் முழுக்கச் சுருண்டு, விட்டதும் திரும்பி வந்தது. அதையே ஒரு முனையில் மட்டும் ஒரு அங்குலம் விட்டு, மீதியை வைஸில் இறுக்கிப் பிடித்து முறுக்கியபோது பட்டென்று ஒடிந்தது.

அவ்வளவுதான் விஷயம். ஷாஃப்டின் ஒல்லியான உடம்பு ஒரு ஸ்பிரிங். கிளட்சை விடுகிற கணத்தில், சக்கரம் கல்லில் மாட்டித் திடீரென்று பிடிக்கிற கணத்தில் வருகிற அடியை அந்த நீளம் முழுக்கப் பிரித்து வாங்கிக்கொண்டு, ஒரு மயிரிழை முறுக்கிக்கொண்டு திரும்பவும் நிமிர்கிறது. நான் உடம்பைத் தடிமனாக்கியதும் அது முறுக்கிக்கொள்ள மறுத்துவிட்டது, எல்லா முறுக்கும் ஸ்ப்ளைன் ஓரத்தில் இருக்கிற அந்தச் சின்ன இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. மெட்டீரியல் மிச்சம் பிடித்தது என்று நாங்கள் நினைத்த அந்த ஒல்லி இடுப்பு, உண்மையில் யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்தது.

"அப்போ இன்னும் நல்ல எஃகுல, உடையவே உடையாத மாதிரி ஒண்ணு பண்ண முடியாதாண்ணே?" என்று கேட்டேன்.

"பண்ணலாம். அப்போ கிரௌன் பல்லு போகும். ஷாஃப்ட் உடைஞ்சா நீ வண்டிய ஓட்டிக்கிட்டு வருவே. கிரௌன் உடைஞ்சா துண்டு பினியன்ல மாட்டி ஆக்சிலே ஜாம் ஆகும், வண்டிய இன்னொரு லாரில ஏத்திக்கிட்டுதான் வரணும்." கிரௌன் என்பது ஆக்சிலின் நடுவில் இருக்கிற பெரிய பல்சக்கரம், அதைச் சுற்றுகிற சின்னது பினியன்.

ஆக்சிலை அப்கிரேட் செய்கிறேன் என்று கிளம்புகிற எல்லோரும் இந்த ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது: இதைப் பலப்படுத்தினால் அடுத்து எது உடையும்? பெரிய டயர் போடுவதும் இதே கதைதான். 32 அங்குல டயரை எடுத்துவிட்டு 37 போட்டால் தரைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இருக்கிற நெம்புகோல் 15 சதவீதத்துக்கு மேல் நீண்டுவிடுகிறது. பார்க்கக் கம்பீரம், அந்தக் கனமெல்லாம் ஷாஃப்டின் கழுத்தில்.

புது ஷாஃப்டை இந்த முறை ஜோடியாகச் செய்தோம். பழைய அளவு, பழைய இடுப்பு, படியில் வளைவு. எஃகு அதே ஈஎன் 24தான். பீன்யாவில் ஹீட் ட்ரீட்மெண்ட் முடிந்ததும் மேஸ்திரி எமரித் தாளைக் குறுக்கே சுற்றாமல் ஷாஃப்டின் நீளவாக்கிலேயே இழுத்து இழுத்துத் தேய்த்தார். குறுக்கே விழுகிற கீறல் ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு விரிசல் என்றார்.

பின் ஆக்சிலைத் திறந்ததே திறந்தோம், கிரௌன் பினியனையும் பார்த்துவிடுவோம் என்று அடுத்த மூன்று நாள் அதற்குப் போனது. எனக்கு மிகவும் பிடித்த மூன்று நாள். கிரௌனையும் பினியனையும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசவிட்டுப் பழக்கி, ஒரே ஜோடி நம்பர் பொறித்துத் தருவார்கள். ஒன்றை மட்டும் மாற்றுவது அடுத்தவர் பல்செட்டை மாட்டிக்கொள்கிற மாதிரி. எங்களுடையது நல்லவேளையாக ஜோடி மாறவில்லை, பேரிங்குகள் மட்டும் போயிருந்தன. புது பேரிங் போட்டால் பினியனின் இறுக்கத்தைத் திரும்ப வைக்க வேண்டும். ரொம்ப லூசாக இருந்தால் பாரம் ஏறும்போது பினியன் நகரும், ரொம்ப இறுக்கினால் பேரிங் வெந்து நீலம் பாயும். இதை அளக்க விலை உயர்ந்த ரெஞ்ச் உண்டு. மேஸ்திரியிடம் இருந்தது ஒரு நூல்கண்டும் மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசும். பினியன் ஃப்ளாஞ்சில் நூலைச் சுற்றி, தராசை மாட்டி, நிதானமாக இழுத்தார். ஃப்ளாஞ்சு மையத்திலிருந்து நூல் வரை 5 சென்டிமீட்டர், தராசு 4 கிலோ காட்டினால் 20 கிலோ-சென்டிமீட்டர். இது போதும் என்றார். நான் பின்னால் கைபேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இந்த அளவு பேரிங்குக்கு வழக்கமாகச் சொல்கிற 15 முதல் 25 அங்குல-பவுண்டுக்குள் அழகாக உட்கார்ந்தது.

அப்புறம் பல்லில் நீல மை தடவி, கிரௌனை ஒரு கையால் பிரேக் மாதிரிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்ப்பது. மை எங்கே அழிகிறதோ அங்கேதான் பல் பல்லைத் தொடுகிறது. பல்லின் அடிவேர்ப் பக்கம் அழிந்தால் பினியன் ரொம்ப உள்ளே இருக்கிறது, ஷிம்மை, அதாவது இடைவெளிக்கு வைக்கிற மெல்லிய தகட்டை, குறைக்கணும். உச்சிப் பக்கம் அழிந்தால் இன்னும் உள்ளே போகணும், ஷிம் சேர்க்கணும். எங்கள் ஆக்சிலில் பினியன் பேரிங்குக்குப் பின்னால் ஷிம் இருப்பதால் இந்தக் கணக்கு. ஏழு முறை கழற்றி மாட்டினோம். ஒவ்வொரு முறையும் தாள் கனத்துக்கு ஒரு ஷிம். எட்டாவது முறை மை பல்லின் நட்டநடுவில் வெற்றிலை வடிவத்தில் அழிந்தபோது, மேஸ்திரி பேசாமல் டீ சொல்லச் சொன்னார்.

முன் ஆக்சிலைப் பற்றி எழுதப் போனால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும். ஒன்று மட்டும். ஸ்டியரிங் திரும்பும்போதும் சக்கரத்துக்கு முறுக்கைக் கொண்டுபோகிற மூட்டு அங்கே ஒரு உருண்டைக் கிண்ணத்துக்குள் இருக்கிறது. கிண்ணத்தின் வெளிமுகத்தில் துருப்பிடித்துக் குழி விழுந்தால், எத்தனை புது சீல் போட்டாலும் அந்தக் குழி அதை அரம் மாதிரி அராவித் தின்றுவிடும். சீல் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். நாங்கள் கிண்ணத்தை ஹார்டு குரோம் போட்டுத் தீட்டி எடுத்தோம், அதன் பிறகு ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஹப் நட்டுகளில் உளி விழுந்த தழும்புகளைப் பார்த்தபோது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. சரியான பாக்ஸ் ஸ்பேனர் இல்லாமல் யாரோ சுத்தியலும் உளியும் வைத்துத் திருகியிருக்கிறார்கள். ஒரு குழாய்த் துண்டில் அந்த அளவுக்கு ஒரு ஸ்பேனரை வெல்ட் செய்துகொள்ள அரை நாள் போதும். தயவுசெய்து செய்துகொள்ளுங்கள்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் நானே ஒரு தவறு செய்தேன். கிரீஸ் போடக் கழற்றியபோது இரண்டு துண்டிலும் பெயின்ட் அடையாளம் வைக்க மறந்துவிட்டேன். ஸ்ப்ளைனில் திரும்பச் சொருகும்போது இரு முனைகளிலும் மூட்டைப் பிடித்திருக்கிற கவைகளும் ஒரே தளத்தில் இல்லாமல் தள்ளிப் போய்விட்டன. சாதாரண கிராஸ் மூட்டு சாய்வாகச் சுற்றும்போது வேகம் ஒரே சீராக வராது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடும், இரண்டு முறை குறையும். 30 டிகிரி சாய்வில் ஒரு கட்டத்தில் 15 சதவீதம் அதிகம், இன்னொரு கட்டத்தில் 13 சதவீதம் குறைவு. முன் மூட்டு கொடுக்கிற ஏற்ற இறக்கத்தைப் பின் மூட்டு சரிசெய்ய வேண்டும், அதற்குத்தான் கவைகள் ஒரே தளத்தில் இருக்கணும். தள்ளிப் போனால் சரிசெய்வதற்குப் பதிலாக ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொள்ளும். ஆனேக்கல் ரோட்டில் 50-ஐத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் அம்மி அரைக்கிற மாதிரி அதிர்ந்தது. சஸ்பென்ஷனை உயர்த்துகிறவர்களுக்கும் இதே தொல்லைதான் வரும், சாய்வு கூடக் கூட இந்த ஏற்ற இறக்கமும் கூடும்.

கடைசியாக ரேஷியோ, அதாவது சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்கிற கணக்கு. பலர் கேட்கிறார்கள், வண்டி வேகமே போக மாட்டேன் என்கிறது, கிரௌன் பினியன் ரேஷியோவை மாற்றலாமா என்று. உங்கள் ரேஷியோ என்ன என்று தெரியாவிட்டால், ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள் (மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால், இந்த இரண்டு சுற்று இரு சக்கரமும் ஒரு சுற்று சுற்றுவதற்குச் சமம்). ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் ரேஷியோ. உதாரணத்துக்கு கிரௌனில் 39 பல், பினியனில் 8 என்றால் 4.875. 34 அங்குல டயரோடு, டாப் கியர் நேரடி இழுப்பாக இருந்தால், டீசல் 2000 சுற்றில் மணிக்கு 67 கிலோமீட்டர் வரும். அதை 41-க்கு 10, அதாவது 4.1 ஆக்கினால் அதே சுற்றில் 79. ஆனால் மேட்டில் சக்கரத்துக்குக் கிடைக்கிற இழுப்பு 16 சதவீதம் போய்விடும். தவிர முன் ஆக்சிலையும் அதே ரேஷியோவுக்கு மாற்றியே ஆகணும், இல்லையென்றால் நான்கு சக்கர இழுப்பைப் போட்ட நிமிஷம் முன்னும் பின்னும் ஒன்றையொன்று எதிர்த்துச் சண்டை போடும்.

அமெரிக்க ராணுவத்தின் எம்35 லாரியின் ராக்வெல் ஆக்சிலில் ரேஷியோ 6.72. மண்ணில் 2.5 டன்னும் தார் ரோட்டில் 5 டன்னும் ஏற்றுகிற வண்டி, வேகம் அதன் வேலை இல்லை. எனக்கு அதில் பிடித்தது வேறு. முறுக்கைக் கடைசியில் கொண்டுபோய்ப் பெருக்குவதால், அதற்கு முன்னால் இருக்கிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் மூட்டுகளும் லேசான முறுக்கோடு தப்பிக்கின்றன. ஜெர்மனியின் யூனிமாக் இன்னும் ஒரு படி மேலே போய், கடைசிப் பெருக்கலைச் சக்கரத்தின் ஹப்பிலேயே வைத்துவிட்டது, அதனால் ஆக்சில் ஷாஃப்டுக்கும் பாரம் குறைவு. இதையெல்லாம் யோசித்துப் பார்த்து நான் ரேஷியோவைத் தொடவில்லை. ஒசூர் ரோட்டில் என்னை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், போகட்டும்.

ஆயில் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கிரௌன் பினியனுக்கு ஜிஎல் 5 தரத்தில் 90 நம்பர் ஆயில். அதையே பழைய கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். அதில் இருக்கிற கந்தகச் சேர்மங்கள் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும், அங்கே ஜிஎல் 4 போதும்.

போன வாரம் 1,000 கிலோமீட்டர் முடிந்தது. மேஸ்திரி சொன்னபடி பின் ஆக்சில் ஆயிலை அப்பாவின் பழைய எனாமல் தட்டில் இறக்கினேன். அவரும் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆயில் கறுத்திருந்தது, மின்னவில்லை. காந்தம் வைத்த டிரெயின் பிளக்கில் கண்மை மாதிரி ஒரு பூச்சு மட்டும் ஒட்டியிருந்தது. அப்பா அதை விரலில் எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், நறநறப்பு இல்லை. "ஊத்திடு" என்றார். கோணல் இல்லாமல் நேராகவே இருந்த பழைய இடது ஷாஃப்டை கிரீஸ் தடவி, சைக்கிள் டியூபில் சுற்றி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கட்டி வைத்திருக்கிறேன். கூடவே ஒரு ரிங் ஸ்பேனர்.